விண்மீன்களின் தொலைவை அளந்தது எவ்வாறு? அண்டவியலுக்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மாலையில் மின்சாரம் நின்றுவிட்டது. பிள்ளைகளை ஆலயத்தின் வெளியே அழைத்துவந்து வானத்தைக் காட்டினோம். அது கார்த்திகை மாதத்து முன்னிரவு. வடதிசையில் மங்கிய புகைபோல் தெரிந்த ஒரு சிறு படலத்தைச் சுட்டி, "இதற்கு ஆண்ட்ரோமீடா என்று பெயர். இது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது" என்றோம். உடனே ஒரு சிறுமி, "யாரும் அங்கே போய்வரவில்லையே ஐயா, எதை வைத்து அளந்தார்கள்?" என்று கேட்டாள். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் அம்மா" என்று சொல்லி வகுப்பை முடித்தோம். அது விடையன்று என்பதை நாம் உணர்ந்திருந்தோம். அவளும் உணர்ந்திருந்தாள் என்பதை அவள் முகமே காட்டிற்று.

அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இக்கட்டுரையில் தர முற்படுகிறோம். வானியலை முறையாகக் கற்றிராத இறையியல் மாணவர்களையும் சபை ஊழியர்களையும் மனத்திற்கொண்டு இது எழுதப்படுகிறது. கடினமான கணிதம் எதுவும் இதில் இல்லை. வாசகர் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். விண்வெளியின் அளவுகள் ஒரே பாய்ச்சலில் அறியப்பட்டவையல்ல. ஏணியின் ஒவ்வொரு படியும் கீழுள்ள படியின்மேல் ஊன்றி நிற்பதுபோல, அருகிலுள்ளதன் தொலைவைக் கொண்டே சேய்மையிலுள்ளதன் தொலைவு கணிக்கப்பட்டது. ஆகவே, ஒரு படியில் பிழை நேரின் அதற்கு மேலுள்ள படிகள் யாவும் பிழைபடும். அவ்வாறு நேர்ந்ததும் உண்டு. அது கண்டறிந்து திருத்தப்பட்டதும் உண்டு. அந்த வரலாற்றிலிருந்து இறையியலாளராகிய நாமும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உள்ளது.

1. ஒளியாண்டு என்னும் அளவு

ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சந்திரனிலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகும். சூரியனிலிருந்து வர எட்டு நிமிடமும் சுமார் இருபது நொடியும் ஆகும். ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவே ஒளியாண்டு எனப்படும். அது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி ஆகும். அதன் தொலைவு 4.24 ஒளியாண்டு.

இவ்வளவிலிருந்து ஓர் உண்மை தானே பெறப்படுகிறது. நாம் வானத்தில் காண்பதெல்லாம் கடந்த காலமே. இன்றிரவு பிராக்சிமாவைத் தொலைநோக்கியில் காண்பவர், அது நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையையே காண்கிறார். அச்சிறுமி கண்ட ஆண்ட்ரோமீடாவின் ஒளி, மனிதகுலம் இந்நிலவுலகில் இன்றைய உருவில் தோன்றுமுன்னரே அங்கிருந்து புறப்பட்டது. தொலைவைப் பற்றிய கேள்வி காலத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுவது இதனால்தான்.

2. முதற்படி: சூரியனின் தொலைவு

பூமியின் பருமனைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் கணித்தார். எகிப்திலுள்ள சையீன் நகரில் கோடை நடுநாளின் உச்சிவேளையில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நின்றது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நட்ட கோலுக்கு நிழல் விழுந்தது. அந்நிழல் காட்டிய கோணம் ஒரு முழுவட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவை அவர் கண்டார்.

சூரியனின் தொலைவை அறிவது இதனினும் கடினமாயிருந்தது. கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதைகளின் விகிதங்களைக் கெப்ளர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்துவிட்டார். வெள்ளிக்கோளின் பாதை பூமியின் பாதையில் நூற்றுக்கு 72 பங்கு என்பது தெரியும். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியாது. ஊரின் வரைபடம் கையில் இருந்தும், அதன் அளவுக் குறிப்பு கிழிந்துபோயிருந்த நிலை எனலாம். வெள்ளி சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியைப் பூமியில் வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கி, அது கடக்கும் நேரத்தின் வேறுபாட்டைக் கணித்தால் அந்த அளவு கிடைத்துவிடும் என்று எட்மண்ட் ஹாலி 1716ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

1761ஆம் ஆண்டிலும் 1769ஆம் ஆண்டிலும் அந்நிகழ்ச்சி வந்தது. நம் நாட்டின் கடற்கரைக்கும் அதில் பங்கு உண்டு. 1761 ஜூன் 6 அன்று சென்னையிலிருந்து அதனை நோக்கிப் பதிவுசெய்தவர் வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். அதே நோக்கத்துடன் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் லெ ஜாந்தீல். அவர் வந்துசேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலின் தளத்தில் நின்று கண்டார், அவ்வளவு பயன்படவில்லை. எட்டு ஆண்டுகள் கீழ்த்திசைக் கடற்பகுதிகளிலேயே தங்கி, 1769இல் புதுச்சேரியில் தம் கருவிகளை நிறுவிக் காத்திருந்தார். அந்தக் காலையில் மேகம் சூரியனை மறைத்தது. நிகழ்ச்சி முடிந்தபின் வானம் தெளிந்தது. பதினோர் ஆண்டுகளுக்குப்பின் அவர் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக எண்ணிய உறவினர் அவருடைய சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். ஆயினும் புதுச்சேரியில் இருந்த நாள்களை அவர் வீணாக்கவில்லை. தமிழர் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்று, அதனைத் தம் பயண நூலில் எழுதிவைத்தார்.

அவர் ஒருவருக்கு மேகம் மறைத்தாலும், உலகின் பிற இடங்களிலிருந்து பலர் கண்டு எழுதிய அளவுகள் ஒன்றுசேர்ந்தன. அவற்றைக் கொண்டு 1771இல் லலாந்து என்னும் பிரெஞ்சு வானியலாளர் சூரியனின் தொலைவை ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு 14.96 கோடி கிலோமீட்டர். ஏணியின் முதற்படி உறுதியாயிற்று. 1874ஆம் ஆண்டில் வெள்ளி மீண்டும் கடந்தபோது, சென்னை வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

3. இரண்டாம் படி: அண்மை விண்மீன்கள்

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, முதலில் இடக்கண்ணையும் பின்னர் வலக்கண்ணையும் மூடிப் பார்த்தால், விரல் எதிரிலுள்ள சுவரில் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் மாற்றம் மிகும், அகற்றினால் குறையும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலமும், விரல் இடம்பெயரும் கோணமும் தெரிந்தால் விரலின் தொலைவைக் கணித்துவிடலாம்.

பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், தையில் கண்ட விண்மீனை ஆடியில் காணும்போது அது சற்று இடம்பெயர்ந்து தோன்றவேண்டும். ஏனெனில் ஆறு மாதத்தில் நாம் சுமார் முப்பது கோடி கிலோமீட்டர் அப்பால் வந்துவிடுகிறோம். கோப்பர்நிக்கஸ் 1543இல் தம் நூலை வெளியிட்டபின், டைக்கோ பிராகி போன்ற தேர்ந்த நோக்கர்கள் இம்மாற்றத்தைத் தேடினர், காணவில்லை. ஒன்று பூமி அசையாதிருக்கவேண்டும், அல்லது விண்மீன்கள் நம்பவியலாத தொலைவில் இருக்கவேண்டும். டைக்கோ முதல் முடிவையே ஏற்றார். அக்காலக் கருவிகளின் வரம்பில் அது மூடத்தனமான முடிவு அன்று.

இரண்டாவதே உண்மை என்பது 1838இல் மெய்ப்பிக்கப்பட்டது. பெசல் என்னும் ஜெர்மானியர், அன்னப்பறவை விண்மீன் குழுவிலுள்ள 61ஆம் எண்ணிட்ட மங்கிய மீனின் இடப்பெயர்ச்சியை அளந்தார். அது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கான விகலையில் மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு நாணயத்தைப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் எவ்வளவு சிறியதாய்த் தோன்றுமோ அவ்வளவு நுண்ணிய கோணம் அது. அதிலிருந்து அம்மீனின் தொலைவு பத்து ஒளியாண்டுக்குச் சற்று மேல் என்று அவர் கண்டார். இன்றைய அளவு 11.4 ஒளியாண்டு. இக்கணக்கில் அடித்தளமாக நிற்பது சூரியனின் தொலைவு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். முதற்படி இன்றி இரண்டாம் படி இல்லை.

இதே முறையில், 2013ஆம் ஆண்டின் இறுதியில் ஏவப்பட்டு 2025ஆம் ஆண்டுத் தொடக்கம்வரை பணிபுரிந்த ஐரோப்பியரின் கையா விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடமாற்றத்தை அளந்தது.

4. மூன்றாம் படி: துடிக்கும் விண்மீன்கள்

மிகத் தொலைவிலுள்ள மீன்களுக்கு இம்முறை பயன்படாது. இடமாற்றம் அளவிட இயலாதவாறு நுண்ணியதாகிவிடும். அங்கே வேறொரு வழி தேவைப்படுகிறது. இருளில் தெரியும் விளக்கு நூறு வாட் விளக்கு என்று முன்னரே தெரிந்தால், அது எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணிக்கலாம். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். ஆனால் ஒரு விண்மீனின் வாட் அளவை எவ்வாறு அறிவது?

அதற்கு விடை தந்தவர் ஹென்ரியட்டா லெவிட் என்னும் அம்மையார். அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில், மணிக்கு 30 சென்ட் ஊதியத்துக்கு ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து கணக்கெழுதும் பணியில் இருந்தார். சில விண்மீன்கள் நாள் கணக்கில் ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பவை. அவற்றுள் ஒரு வகைக்குச் செஃபீடு என்று பெயர். அவ்வகையின் மூலமீனாகிய டெல்டா செஃபெயின் துடிப்பை 1784இல் கண்டறிந்தவர் ஜான் குட்ரிக் என்னும் ஆங்கில இளைஞர், அது 5.37 நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது. லெவிட் அம்மையார், தென்வானில் தெரியும் சிறிய மெகல்லன் முகிலிலுள்ள 25 துடிப்பு மீன்களை ஆராய்ந்து, 1912இல் ஓர் ஒழுங்கைக் கண்டார். மெல்லத் துடிக்கும் மீன் மிகுந்த ஒளியுடையது. விரைந்து துடிக்கும் மீன் குறைந்த ஒளியுடையது. அம்மீன்கள் யாவும் நமக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், இவ்வேறுபாடு தொலைவால் வந்ததன்று. மீன்களின் இயல்பாலேயே வந்தது. ஆகவே, துடிப்பின் கால அளவை எண்ணினாலே விளக்கின் வாட் அளவு தெரிந்துவிடும்.

குட்ரிக் இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர்; இருபத்தோராம் வயதில் மறைந்தார். லெவிட் அம்மையாரும் செவிப்புலன் குன்றியவர். 1921இல் அவர் புற்றுநோயால் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர், அவர் இறந்த செய்தியை அறியாமல், நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பி அவருக்கே கடிதம் எழுதினார்.

அக்காலத்தில் வானியலாரிடையே பெரியதொரு வழக்கு இருந்தது. ஆண்ட்ரோமீடா போன்ற முகிற்படலங்கள் நம் பால்வழி மண்டலத்துக்கு உட்பட்ட வாயுத்திரள்களா, அன்றி அதற்கு வெளியிலுள்ள தனி விண்மீன் மண்டலங்களா? 1920இல் வாஷிங்டனில் ஷேப்லியும் கர்ட்டிசும் இதுபற்றி எதிரெதிராக உரையாற்றினர், முடிவு கிடைக்கவில்லை. 1923ஆம் ஆண்டு அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், ஆண்ட்ரோமீடாவினுள் ஒரு செஃபீடு மீனைக் கண்டார். லெவிட்டின் விதியைப் பொருத்தினார். தொலைவு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வழியின் எல்லைக்குள் அது அடங்காது. ஒரே ஒரு மீனின் துடிப்பால் வழக்குத் தீர்ந்தது.

ஹபிளின் எண் இன்றைய 25 இலட்சத்தினும் மிகக் குறைவானது என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். அந்தக் குறைபாட்டுக்குப் பின்னர் வருவோம்.

5. விரிவடையும் பேரண்டம்

தொலைவு ஒருபுறமிருக்க, வேகத்தை அளக்கும் வழியும் பிறந்தது. விண்மீனின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதில் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் காணப்படும். விலகிச் செல்லும் இரயிலின் ஊதல் ஒலி தாழ்வதுபோல, விலகிச் செல்லும் பொருளின் ஒளிக்கோடுகள் சிவப்புப் பக்கமாக நகரும். இது செம்பெயர்ச்சி எனப்படும். அமெரிக்காவின் லோவெல் வானாய்வு நிலையத்தில் வெஸ்டோ ஸ்லைபர் 1912 முதல் இதனை அளந்தார். 1917க்குள் அவர் ஆராய்ந்த 25 மண்டலங்களில் 21 நம்மைவிட்டு விலகிச் சென்றன. ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருவது. அண்மையிலுள்ள மண்டலங்களின் ஈர்ப்பு விசையே அதற்குக் காரணம்.

ஐன்ஸ்டைனின் பொது ஒப்புமைக் கோட்பாட்டிலிருந்து, பேரண்டம் நிலையாக இராமல் விரியவோ சுருங்கவோ கூடும் என்று உருசியாவின் ஃபிரீட்மன் 1922இல் காட்டினார். பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் லூவேன் பல்கலைக்கழக ஆசிரியருமான ஜார்ஜ் லமேத்ரு, 1927இல் அக்கணக்கையும் செம்பெயர்ச்சி அளவுகளையும் இணைத்து, பேரண்டம் விரிகிறது என்று எழுதினார். ஐன்ஸ்டைன் அக்கணக்கில் பிழை காணவில்லை. முடிவை மட்டும் ஏற்க மறுத்தார். 1929இல் ஹபிள், தொலைவு மிகுந்த மண்டலம் விரைந்து விலகுகிறது என்னும் ஒழுங்கைத் தம் அளவுகளால் நிலைநாட்டினார். இவ்விதியை ஹபிள் - லமேத்ரு விதி என வழங்கவேண்டும் என்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

விரிதல் என்பதை எவ்வாறு புரிந்துகொள்வது? புளித்துப் பொங்கும் மாவில் கடுகுகள் சிதறிக் கிடப்பதாகக் கொள்வோம். மாவு பொங்கும்போது ஒவ்வொரு கடுகும் மற்றெல்லாக் கடுகுகளும் தன்னைவிட்டு அகல்வதைக் காணும். தொலைவிலுள்ளது விரைந்து அகலும். கடுகுகள் நீந்திச் செல்வதில்லை, மாவே விரிகிறது. எந்தக் கடுகும் தானே நடுவில் இருப்பதாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. உண்மையில் எதுவும் நடுவன்று. பேரண்டத்துக்கும் இவ்வுவமை ஓரளவு பொருந்தும்.

6. ஒரு முரண்பாடும் அதன் தீர்வும்

விரிவைப் பின்னோக்கிக் கணித்தால், எல்லாம் மிக நெருங்கியிருந்த ஒரு காலம் வருகிறது. ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட வண்டியின் தொலைவையும் வேகத்தையும் அறிந்தால், புறப்பட்ட நேரம் தெரிவதுபோன்றதே இது. ஹபிளின் எண்களைக் கொண்டு கணித்தபோது, பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டு என்று வந்தது.

இங்கே பெருஞ்சிக்கல் எழுந்தது. பாறைகளிலுள்ள கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு நிலவியலார் பூமியின் வயதைக் கணித்திருந்தனர். 1940களில் அது சுமார் 300 கோடி ஆண்டு என்றாயிற்று. பிள்ளை தாயினும் மூத்ததாயிருக்க இயலுமோ? விரிவுக் கொள்கையை ஐயுற்றவர்களுக்கு இது வலிய சான்றாயிற்று. பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்னும் நிலைமாறாக் கொள்கையை ஃபிரெட் ஹாயிலும் அவருடைய தோழரும் 1948இல் வெளியிட்டனர். 'பெருவெடிப்பு' என்னும் பெயரையே, தாம் ஏற்காத கொள்கையைக் குறிக்க 1949இல் ஒரு வானொலி உரையில் முதலில் வழங்கியவர் ஹாயில்தான்.

பிழை எங்கே இருந்தது? ஏணியின் மூன்றாம் படியில். இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருட்டடிப்புச் செய்யப்பட்டிருந்தது. மவுண்ட் வில்சனில் தங்கியிருந்த வால்டர் பாடே, அந்த இருளைப் பயன்படுத்தி ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தெளிவாகப் படமெடுத்தார். விண்மீன்களில் முதியவை, இளையவை என இரு தொகுதிகள் இருப்பதை உணர்ந்தார். பின்னர் பலோமர் மலையின் இருநூறு அங்குலத் தொலைநோக்கியால் ஆராய்ந்து, செஃபீடு மீன்களிலும் இரு வகை உண்டென்று கண்டார். ஹபிள் ஒரு வகைக்குரிய அளவுகோலை மற்றொரு வகைக்குப் பயன்படுத்தியிருந்தார். 1952ஆம் ஆண்டு செப்டம்பரில், உரோமாபுரியில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாட்டில் பாடே இதனை அறிவித்தார். அன்று ஆண்ட்ரோமீடாவின் தொலைவும், பேரண்டத்தின் வயதும் இருமடங்காயின. மேலும் திருத்தங்கள் தொடர்ந்தன. 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என உறுதியாயிற்று. 1958இல் சாண்டேஜ் விரிவின் வேகத்தை இன்றைய அளவுக்கு அண்மையில் கொண்டுவந்தார். முரண்பாடு நீங்கிற்று.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒரு துறை தன் நடுவே ஒரு முரண்பாட்டை மறைக்காமல் வைத்துக்கொண்டு உழைத்தது. இதனை நாம் எளிதாகக் கருதலாகாது.

7. தொடக்க நிலையின் எச்சம்

நெருங்கியிருந்த பேரண்டம் மிகுந்த வெப்பமுடையதாயும் இருந்திருக்கவேண்டும். அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் விண்ணெங்கும் குளிர்ந்த கதிர்வீச்சாகப் பரவியிருக்கும் என்று ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இல் கணித்தனர். அதனைத் தேடாமலே கண்டவர்கள் பென்சியாசும் வில்சனும். 1964இல் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தின் வானொலி அலைவாங்கியில் ஓர் இரைச்சல் நீங்காமல் இருந்தது. எத்திசையில் திருப்பினாலும், இரவும் பகலும் அது மாறவில்லை. அலைவாங்கியினுள் கூடுகட்டிய புறாக்களை வெளியேற்றி எச்சங்களைத் துடைத்தும் பயனில்லை. 1965இல் அது ஆதி வெப்பத்தின் எச்சமென்று உணரப்பட்டது. லமேத்ரு 1966 ஜூனில் இறப்பதற்குச் சற்று முன் இச்செய்தியைக் கேட்டறிந்தார்.

இக்கதிர்வீச்சின் வெப்பநிலை செல்சியசில் சுமார் மைனஸ் 270 பாகை. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளான காலத்தில், ஒளி தடையின்றிச் செல்லத்தக்கவாறு வெளி தெளிந்தபோது புறப்பட்டது இது. 1989இல் ஏவப்பட்ட கோபி விண்கலம், இதில் நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவான ஏற்றத்தாழ்வுகளை 1992இல் கண்டது. விண்மீன் மண்டலங்கள் யாவும் அச்சிறு வேறுபாடுகளிலிருந்தே வளர்ந்தன.

8. இன்றைய நிலை

பிளாங்க் விண்கலம் இக்கதிர்வீச்சை ஆராய்ந்து தந்த அளவுகளின்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. 1998இல் சூப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவு தளராமல் விரைவுபட்டு வருவதைக் கண்டனர். இவ்விரைவுக்குக் காரணமானதை இருண்ட ஆற்றல் என்கின்றனர். பேரண்டத்தின் உள்ளடக்கத்தில் அது நூற்றுக்கு 68 பங்கும், ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் இருண்ட பொருள் 27 பங்கும் ஆகும். நாம் காணும் விண்மீன், மண், நீர், நம் உடல் ஆகியன எல்லாம் சேர்ந்து ஐந்து பங்கே. மற்ற 95 பங்கின் இயல்பு விளங்கவில்லை.

புதிய முரண்பாடு ஒன்றும் எழுந்துள்ளது. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விரிவின் வேகம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்னும் கேள்விக்கு, ஆதிக் கதிர்வீச்சு 67 என்று விடை தருகிறது. செஃபீடுகளையும் சூப்பர்நோவாக்களையும் கொண்ட ஏணி 73 என்று விடை தருகிறது. 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் உற்றுநோக்கல்களுக்குப் பின்னும் இவ்வேறுபாடு தீரவில்லை. மீண்டும் ஒரு படியில் பிழையா, அன்றி இயற்கையில் நாம் அறியாத ஒன்று உளதா என்று ஆராய்ந்து வருகின்றனர்.

9. இறையியலாளர் கற்கவேண்டியது

இங்கே நம் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். கோபி விண்கலத்தின் செய்தி 1992இல் நாளேடுகளில் வந்தபோது நாம் இறையியல் மாணவர். பயிற்சிக்காக அனுப்பப்பட்ட சபையில், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று உரத்த குரலில் பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்தபின் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, நாளைக்கு விஞ்ஞானிகள் இந்தக் கருத்தை மாற்றிக்கொண்டால், நீங்கள் இன்று சொன்ன விசுவாசத்தையும் மாற்றிக்கொள்வீர்களா?" என்று அமைதியாகக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

பல ஆண்டுகளுக்குப்பின், லமேத்ருவின் வரலாற்றைப் படித்தபோது அவ்விடையைக் கண்டோம். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் அவையினருக்கு ஆற்றிய உரையில், பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய அறிவியல் முடிவுகளைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துரைத்தார். அக்கொள்கையின் தந்தையும் குருவுமாகிய லமேத்ரு மகிழ்ந்திருக்கலாம், அவரோ கலங்கினார். தம் கொள்கை ஓர் அறிவியல் கருதுகோள் மட்டுமே என்பது அவர் நிலை. அதனை ஏற்பவர் கடவுளை நம்பலாம், மறுக்கவும் செய்யலாம் என்று அவர் கருதினார். அவர் கவலையைத் தெரிவித்தபின், முன்னர்க் கூறிய 1952ஆம் ஆண்டு உரோமாபுரி மாநாட்டுக்கு வந்த வானியலாரிடையே போப் பேசியபோது, அச்சான்றை மீண்டும் எடுத்துரைக்கவில்லை. பேரண்டத்தின் வயது இருமடங்கானதாகப் பாடே அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். ஓர் எண்ணின்மேல் விசுவாசத்தைக் கட்டியிருந்தவர் அன்றே அடித்தளத்தைத் தோண்டவேண்டியிருந்திருக்கும்.

பழைய திருச்சபை ஆசிரியர்கள் இதில் நம்மினும் தெளிவாயிருந்தனர். காலமும் உலகத்தோடு சேர்ந்தே படைக்கப்பட்டது என்றார் அகஸ்தீன். ஆகவே 'அதற்கு முன்' என்னும் கேள்வியே பொருந்தாது. உலகிற்குத் தொடக்கம் உண்டென்பதைப் பகுத்தறிவால் மெய்ப்பிக்க இயலாது என்றும், தொடக்கமற்ற உலகமும் தன் இருப்புக்குக் கடவுளையே சார்ந்திருக்கும் என்றும் தாமஸ் அக்வினாஸ் வாதித்தார். படைப்பு என்பது முதல் நொடியைப் பற்றிய செய்தி மட்டுமன்று; ஒவ்வொரு நொடியிலும் யாவும் படைத்தவரைச் சார்ந்து நிற்கின்றன என்னும் அறிக்கை. அதனைத் தொலைநோக்கி மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது.

இதற்கு எதிர்முனையிலுள்ள தவறும் நம் சபைகளில் உண்டு. இவ்வளவு பழைய ஒளி இருக்கமுடியாது, ஒளி வரும் வழியிலேயே படைக்கப்பட்டிருக்கலாம் என்று சிலர் கூறுகின்றனர். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. அதனைச் சூழ்ந்த வளையத்தின் அளவைக் கொண்டு கணித்த தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு. ஒளி வழியில் படைக்கப்பட்டதாயின், ஒருபோதும் நிகழாத வெடிப்பின் படத்தை வானம் நமக்குக் காட்டியது என்றாகும். படைத்தவரின் மெய்ம்மையைக் காக்க முனைந்து, அவருடைய வானத்தையே பொய்ச்சாட்சி ஆக்கும் வாதம் அது.

முடிவுரை

அச்சிறுமிக்கு இன்று விடை சொல்லவேண்டுமாயின், முதலில் அவளுடைய கட்டைவிரலை உயர்த்தச் செய்து ஒரு கண்ணை மூடச் சொல்வோம். வெள்ளியைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தவரையும், பத்து ஒளியாண்டை ஒரு நுண்கோணத்தில் அளந்தவரையும், தகடுகளில் துடிப்பை எண்ணிய அம்மையாரையும் பற்றிச் சொல்வோம். முதலில் ஒன்பது இலட்சம் என்று கணித்துப் பின்னர் திருத்தினார்கள் என்பதையும் மறைக்கமாட்டோம். இன்னும் அறியாதது மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

நம் மாணவர்கள் செல்லும் சபைகளில் இத்தகைய கேள்விகள் கேட்கப்படும். பள்ளியில் அறிவியல் பயிலும் பிள்ளை ஆலயத்தில் அதனைக் கேட்க அஞ்சும் நிலை வருமாயின், அப்பிள்ளை காலப்போக்கில் ஆலயத்தில் எதனையும் கேட்காது. ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமற்ற முன்னிரவு ஒன்றில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று ஆண்ட்ரோமீடாவைக் காட்டுமாறும், அவர்கள் கேட்பதற்குத் தெரிந்த அளவு விடை கூறி, தெரியாததைத் தெரியாது என்று கூறுமாறும் உடன் ஊழியரை வேண்டிக்கொள்கிறோம்.